மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்: தோற்றமும் பணியும்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பது தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றித் திரும்பியவர்கள், அவர்களுடைய மனைவி மக்கள், பணியில் இறந்தவர்களின் குடும்பத்தினர் ஆகியோருக்காக இயங்கும் அரசு அலுவலகமாகும். பிற மாநிலங்களில் இதனை ஜில்லா சைனிக் போர்டு என்பர். தமிழ்நாட்டிலும் வயது முதிர்ந்த படைவீரர்கள் 'சைனிக் போர்டு' என்று சொல்வதுண்டு. நாடு முழுவதும் இத்தகைய அலுவலகங்கள் 400க்கும் மேல் உள்ளன.

இந்த அலுவலகத்தால் பயன்பெற வேண்டியவர்களுக்கே இதைப் பற்றித் தெளிவு குறைவு. ஓய்வூதியம் இங்கிருந்துதான் வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கு கிடைப்பதெல்லாம் அதிகாரியின் தயவு என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. இந்தக் குழப்பத்துக்கு விடை அலுவலகம் பிறந்த கதையில் இருக்கிறது.

ஆள்சேர்ப்பிலிருந்து ஆதரவுக்கு

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். போர் நீண்டுகொண்டே போனதால் ஆள் போதவில்லை. 1917இல் ஆள்சேர்ப்புக்கென மத்திய வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின் ஆள் சேர்க்கும் வேலை குறைந்தது. திரும்பி வந்தவர்களைக் கவனிக்கும் வேலை கூடியது. 1919இல் அந்த வாரியத்தின் வழியில் இந்தியப் படைவீரர் வாரியம் உருவானது. இன்றைய மத்திய சைனிக் வாரியத்தின் மூலம் அதுவே.

இதற்குக் கருணை மட்டும் காரணம் என்று நான் கருதவில்லை. போருக்குப் போய்க் காலிழந்து வந்தவர் ஊர்த் திண்ணையில் கவனிப்பாரின்றி உட்கார்ந்திருந்தால், அந்த ஊரிலிருந்து அடுத்த முறை யார் படைக்கு வருவார்கள்? ஆட்சியாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அந்நாளில் பல ஊர்களில் நினைவுக் கல்வெட்டுகளும் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று அவை கூறும். அவற்றில் எண்ணிக்கை இருக்கும்; பெயர் இராது.

மாவட்ட ஆட்சியர் இந்த அமைப்புக்குத் தலைவராக இருப்பதும் அக்கால ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். ஊரில் சிப்பாயின் குடும்பத்துக்கு நிலத்தகராறு வந்தாலும் கடன்காரன் வழக்குப் போட்டாலும் தலையிடக்கூடிய அதிகாரி கலெக்டரே. 1925இல் இயற்றப்பட்ட இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம் இதற்கு நல்ல சான்று. போர்ப் பணி போன்ற சிறப்புச் சூழலில் இருக்கும் படைவீரர் நீதிமன்றத்துக்கு வர இயலாவிட்டால், கலெக்டர் அதனைச் சான்றளித்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். அவர் இல்லாத நேரத்தில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிச் சொத்து போய்விடக் கூடாது என்பதே நோக்கம்.

ஓய்வூதியம் இல்லாத படைவீரர்கள்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் பலம் 20 லட்சத்தைத் தாண்டியது. 1945க்குப் பின் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சிப்பாய் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். நான்கைந்து ஆண்டு போர்முனையில் இருந்துவிட்டு வந்தவருக்கு அது கிடையாது. பர்மாவிலும் வடஆப்பிரிக்காவிலும் சண்டையிட்டவர்கள் ஊர் திரும்பி, எந்த மாத வருமானமும் இன்றி முதுமை அடைந்தார்கள். ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசுகள் மாதந்தோறும் நிதியுதவி தரத் தொடங்கியது பிற்பாடுதான். அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மாவட்ட அலுவலகம்.

கொடிநாள்

விடுதலைக்கு முன் நவம்பர் 11ஆம் நாள் காகிதப் பாப்பிப் பூக்களை விற்றுப் படைவீரர்களுக்கு நிதி திரட்டினர். விடுதலைக்குப் பின் நமக்கென ஒரு நாள் தேவைப்பட்டது. 1949 ஆகஸ்டு 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் தலைமையிலான குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடிநாளாகக் கொள்வதென்று முடிவு செய்தது. கொடியிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகியவை முப்படைகளைக் குறிக்கும்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது டிசம்பர் மாதத்தில் வகுப்பு வகுப்பாகச் சென்று இக்கொடிகளைக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறேன். "சார், இந்தக் காசு யாருக்குப் போகுது?" என்று ஒரு மாணவன் கேட்டான். "மிலிட்டரிக்காரர்களுக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்கும் அன்று தெரியாது. மகளின் திருமண உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவற்றுக்கு இந்த நிதி பயன்படுகிறது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

இன்றைய நடைமுறை

1975இல் மத்திய அமைப்பு இப்போதைய பெயரைப் பெற்றது. பாதுகாப்பு அமைச்சர் அதன் தலைவர். மாநில அளவில் முன்னாள் படைவீரர் நலத்துறை இருக்கிறது. நிர்வாகச் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. வேலைவாய்ப்புக்கென 1986இல் தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் இவற்றிலிருந்து வேறானவை. ஜெனரல் கரியப்பாவின் முயற்சியால் 1964இல் உருவான இந்திய முன்னாள் படைவீரர் லீக் அவ்வகையைச் சேர்ந்தது. அது உறுப்பினர்களின் தன்னார்வ அமைப்பு; நல அலுவலகம் அரசின் அங்கம். சங்கத்தில் சேராதவரும் அலுவலகத்தை நாடலாம்.

உரிமை எது, உதவி எது என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் உரிமை. அவற்றை வழங்குவது பாதுகாப்புக் கணக்குத் துறை. அடிப்படைப் பதிவுகள் அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசில் உள்ளன. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன். மாவட்ட அலுவலகம் இடையில் நின்று மனுவை அனுப்பி வைக்கும், தாமதமானால் கேட்டு எழுதும். கல்வி, திருமணம், வறுமை நிவாரணம் முதலியன நிதியிலிருந்து தரப்படும் உதவிகள். அவற்றுக்கு வயது, பதவி, காலக்கெடு என நிபந்தனைகள் உண்டு. தகுதியிருந்தும் காலக்கெடு தவறினால் உதவி கைநழுவிப் போகலாம்.

மிகுதியாகத் துன்பப்படுவோர் விதவைகளே. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் இந்த விவரங்கள் பேச்சுவாக்கில் பரவிவிடும். ஊருக்கு ஒருவர் மட்டும் சென்ற இடங்களில் சொல்ல ஆள் இல்லை. திருமணமானதைப் படைவீரர் தம் பிரிவுக்குத் தெரிவிக்காமல் விட்டிருப்பார். அல்லது மனைவியின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். அவர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் இறந்த மறுமாதம் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகும். அப்போதுதான் அந்த அம்மாள் முதன்முறையாக இந்த அலுவலகத்தின் படியேறுவார். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று படைவீரர் இருக்கும்போதே பார்த்து, வேறுபாடு இருந்தால் மாவட்ட அலுவலகத்தின் வழியாக ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்திக்கொள்ள முடியும்.