குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் சாட்சியுரை: பினாங்குத் தமிழர் வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டப் பதிவேடுகளையும் சங்க ஆவணங்களையும் தேடிப் பயில்கின்றனர். மணவிலக்கிற்குப் பின் குழந்தை யாரிடம் வளர்வது என்னும் வழக்கில் ஒரு தாயோ அண்டை வீட்டாரோ அளிக்கும் வாக்குமூலமும் அத்தகைய ஆவணமே எனலாம். அது உருவாகும் முறையைப் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தினின்று நோக்குவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் அடங்கும். அக்காலத்துப் பினாங்கில் சிறு வழக்குகளை அவ்வவ் இனத்தின் கப்பித்தான்களே தீர்த்தனர். சூலியருக்கு 1801இல் காதர் மொகைதீன் கப்பித்தான் ஆனார். 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின்வழி மறு ஆண்டில் நீதிமன்றம் தொடங்கியது. மக்களின் சமயத்தையும் வழக்காறுகளையும் கருத்திற்கொள்ளுமாறு சாசனம் பணித்தபோதிலும், தமிழரின் சொல் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நீதிபதியை அடைந்தது. இந்நிலை முற்றும் மாறிவிடவில்லை.

1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்கீழ் இவ்வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கு உரியவை. ஆகவே புக்கிட் மெர்தாஜாம் மக்கள் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குச் செல்லவேண்டும். 1985இல் பாலம் திறக்கப்படும்வரை படகே துணை. குழந்தையின் நலனே தலையாயது என்கிறது இச்சட்டத்தின் 88ஆம் பிரிவு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நன்று என்னும் அனுமானத்தையும் அது ஏற்கிறது, அவ்வனுமானம் மறுக்கத்தக்கது. ஆயினும் 1961ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் தாய்க்குத் தந்தைக்கு நிகரான உரிமையை 1999ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே வழங்கியது.

எழுத்து வாக்குமூலம் தன்மை இடத்தில், எண்ணிட்ட பத்திகளாக அமைதல் வேண்டும்; பொதுவாக, கூறுவோர் தாமே அறிந்தவற்றையே அதில் கூறலாம். எழுதப் படிக்க அறியாதவராயின் அது அவர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பும் தேவை. 'அவர் பொறுப்பற்ற தந்தை' என்பது கருத்து. காய்ச்சல் கண்ட நாளில் மருந்தகத்துக்கு யார் தூக்கிச் சென்றார் என்பதே சான்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் சாட்சியாக அழைக்கப்படக்கூடும். குழந்தையை யார் அழைத்து வந்தார், எந்நாள்களில் வரவில்லை என்பதைக் கூறுவதோடு அவர் நிற்பதே முறை. குடும்பத்தைப் பற்றிய தம் எண்ணத்தைச் சேர்த்தால் அவர்தம் சான்றே வலுவிழக்கும்.

மொழிபெயர்ப்பில் இடர் மிகுதி. 'பிள்ளையைப் பாட்டியிடம் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்' என்பது நம் வீட்டுப் பேச்சு. நீதிமன்ற மலாய்க்கு அதைக் கொண்டு செல்கையில் 'கைவிட்டாள்' என்று பொருள் மாறினால் வழக்கே திசைமாறும். சித்தப்பாவும் தாய்மாமனும் மலாயில் 'பாப்பா சௌடாரா' ஆகிவிடுவர். குழந்தை எப்பக்கத்து உறவினர் வீட்டில் வளர்கிறது என்பதே வினாவாக இருக்கையில் இவ்வேறுபாடு சிறிதன்று. தமிழில் கூறியதை முதலில் தமிழிலேயே எழுதி, பின்னர் மொழிபெயர்ப்பது நன்று என்பது எம் கருத்து.

எளிய உண்மையொன்றின் வலிமையை ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி முத்து வழக்கில் காணலாம். 2009இல் இசுலாத்தைத் தழுவிய கணவர் மூன்று குழந்தைகளையும் ஒருதலையாக மதமாற்றினார். குழந்தைகள் பதிவாளர் முன் வரவுமில்லை, உறுதிமொழி கூறவுமில்லை. 2013இல் உயர்நீதிமன்றம் மாற்றச் சான்றிதழ்களை நீக்கியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 சனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சான்றிதழ்கள் செல்லா என்றனர். பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை என்றனர். அப்பொருள் சமயம் சார்ந்ததாயினும் தீர்ப்பில் எடை பெற்றவற்றுள் ஒன்று, குழந்தைகள் அங்கு இல்லை என்னும் செய்தி. 2009இல் பதினொரு மாதக் குழந்தையாகத் தந்தையால் கொண்டு செல்லப்பட்ட கடைசி மகள், அத்தீர்ப்பு நாளிலும் தாயிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.