மதிலும் மக்களும்

ஜேர்மனியின் நடுவே, தூரிங்கியாப் பிரதேசத்தில், ஊன்ஸ்ட்ரூட் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த நகரம் மூல்ஹவுசன். வடமேற்கே ஐக்ஸ்பெல்ட் மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கும் அவ்வாறு, வளமான வயல்களினூடே ஓடி, நவும்பர்க் அருகே சாலே நதியுடன் கலக்கின்றது.

மத்திய காலத்திலே பேரரசரையன்றி வேறெந்தப் பிரபுவையும் வணங்காத சுதந்திர நகராக அது விளங்கிற்று. ஆயின் அச்சுதந்திரம் யாருடையது? நகரசபை செல்வக் குடும்பங்களின் கையில் இருந்தது. மதிலுக்கு வெளியேயுள்ள கிராமங்கள் பலவற்றுக்கோ அந்நகரமே பிரபுவாயிருந்தது!

1525 மார்ச்சில் நகரத்து எளிய மக்கள், போதகர்களான தோமஸ் முன்சர், ஹைன்ரிச் பைஃபர் ஆகியோரின் தலைமையில் பழைய சபையை அகற்றி, 'நித்திய சபை'யை நிறுவினர். உழவர் கிளர்ச்சியும் எங்கும் மூண்டது. ஃபிராங்கன்ஹவுசனில் திரண்ட உழவருக்குத் துணையாக முன்சருடன் சென்றோர் ஏறக்குறைய 300 பேரே. ஏனையோர் மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டனர். மே 15இல் பிரபுக்களின் படை உழவரை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தது. மூல்ஹவுசனும் பத்து நாளிற் பணிந்தது. மே 27இல் முன்சரும் பைஃபரும் நகருக்கு வெளியே சிரச்சேதம் செய்யப்பட்டனர். 1548 வரை நகரம் தன் சுதந்திரத்தை இழந்து நின்றது.

1848 புரட்சி தோற்றபின், 1850இல் இவ்வுழவர் போரை ஆராய்ந்த ஏங்கெல்ஸ், ஊருக்கு ஊர் பிரிந்து நின்றமையையே தோல்வியின் பெருங்காரணமாகக் கண்டார்.

கிழக்கு ஜேர்மன் அரசு 1975இல் நகரின் பெயரோடு முன்சரின் பெயரை இணைத்தது. 1991இல் அது நீக்கப்பட்டது. மதிலின் பெரும்பகுதியோ இன்றும் நிற்கின்றது. காண்போர் அதன் உறுதியை வியப்பர். நாமோ, நகரத்து உழைப்பாளியையும் வயலில் உழைத்தவனையும் அது பிரித்து வைத்த கதையை அதிற் படிக்கின்றோம்.