வாட்டர்டவுனில் மூடி, கோடைக்கானலில் திறந்த தொழிற்சாலை

பெருநாள் விடுமுறை வந்தால் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் வேன் பிடித்து, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கோடைக்கானல் மலை ஏறுவதுண்டு. ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண் பாறை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதே ஊரில் செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்காட்டை ஒட்டி 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்ததை எந்த வழிகாட்டியும் நமக்குச் சொல்வதில்லை. வெளிநாட்டு முதலீடும் சுற்றுச்சூழலும் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் கதைதான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் பாதரசத் தெர்மாமீட்டர் தயாரித்து வந்தது. 1983இல் அந்தப் பழைய தொழிற்சாலை அப்படியே கோடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. கண்ணாடியும் பாதரசமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர் மீண்டும் கப்பலேறும். நம் நாட்டில் தங்கியது கூலியும் கழிவும் மட்டுமே. 1980களின் பிற்பகுதியில் யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்; கை நடுக்கம், ஞாபக மறதி வரும்; கர்ப்பிணியிடமிருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும். தகுந்த பாதுகாப்புக் கருவிகளோ, ஆபத்தைப் பற்றிய விளக்கமோ தங்களுக்குத் தரப்படவில்லை என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. வேலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்பது நிறுவனத்தின் பதில். சுற்றுலாவையும் தோட்டத்தையும் விட்டால் வேறு பிழைப்பு அதிகம் இல்லாத ஊரில், ஒரு பெரிய கம்பெனி வேலையை யார்தான் கேள்வி கேட்பார்கள்?

உண்மை வெளியே வந்தது ஒரு காயலான் கடையில். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் இருந்த பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூட்டைகளாகக் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தனர். சில நாட்களிலேயே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போவது அபூர்வம்.

ஆனால் மண்ணில் கலந்ததைக் கப்பலேற்ற முடியாதே. பாம்பார் நீர் கும்பக்கரை அருவிக்குப் போகிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் அளவுக்குப் பாதரசத்தைக் குறைத்தால் போதும் என்று இங்கே முடிவானது. பிரிட்டனில் வீடுள்ள நிலத்தில் தனிமப் பாதரசத்துக்கு 1 மில்லிகிராம்தான் வழிகாட்டு அளவு, இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்கள் போராடியவர்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் சோலை மரங்கள் அழியும், மண் அரிக்கும் என்றது நிறுவனம்.

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் இணையத்தில் பரவி, பழைய வழக்கை உலகின் முன் கொண்டுவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொகை வெளியிடப்படவில்லை. ஆலை மூடி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரக் கம்பெனியை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. அழுக்கு வேலை ஏழை நாட்டுக்கு வர வெளிநாட்டு முதலாளியே நேரில் வர வேண்டும் என்பதில்லை. ஏற்றுமதி ஆர்டர் வந்தாலே போதும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் நம் சமுதாயத்தார் பலர் முதலாளிகள், அதைவிடப் பலர் கூலியாட்கள். செருப்பும் பையும் ஐரோப்பாவுக்குப் போயின, குரோமியமும் உப்பும் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. திருச்சியில் வளைகுடாவுக்கு ஆளேற்றி விட விமான நிலையம் போகும் வழியில் உள்ள செம்பட்டிலும் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட கதை உண்டு.

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் ஒரு வார்த்தை. கீழே விழுந்து உடைந்தால் உருளும் மணிகளைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். விளக்குமாறால் கூட்டாதீர்கள், அது இன்னும் சிறு துளிகளாகச் சிதறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

நம் பகுதிக்குப் பெரிய ஆலை வரும்போது கேள்வி கேட்கவும் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதன் கீழ் வரும் பல வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். குறைந்தது 30 நாள் முன்பே செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரியோ தலைமை ஏற்பார். வருகிறவர்கள் பேசலாம், வர முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பேசியது அனைத்தும் பதிவாக வேண்டும்; நடவடிக்கைக் குறிப்பு அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.