ஹன்சாவின் மூக்குக்குள்ளே

நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவன். அப்பா சுரங்கத்துல மெக்கானிக். "இன்ஜினுக்கு முன்னாடி ஹோஸைப் பாரு"ன்னு அடிக்கடி சொல்வார். எங்க ஊர் சின்ன ரன்வேயைப் பார்க்கிறப்பல்லாம் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். விமானத்துக்கும் அது பொருந்துமா? ஹன்சாவோட கதை பதில் சொல்லுது.

ஹன்சா, பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். 1993 நவம்பர் 17-ல் முதன்முதலா பறந்தது. அப்போ அதுல இருந்தது காத்தாலயே குளிரும் கான்டினென்டல் இன்ஜின். பிறகு வந்த ஹன்சா-3-க்கு ஆஸ்திரியாவோட ரோட்டாக்ஸ் 914: டர்போ, 115 குதிரைத்திறன். வீட்டுல கிட் வாங்கி விமானம் கட்டுறவங்களும் நம்பிப் பொருத்துற குடும்பம் இது.

இன்ஜினை மட்டும் மாத்தினாப் போதுமா? போதாது. இதோட சிலிண்டர் தலைக்குத் தண்ணிக் குளிர்ச்சி வேணும். அதனால ரேடியேட்டர், ஆயில் கூலர், தனி ஆயில் டேங்க் எல்லாம் அந்தச் சின்ன மூக்குக்குள்ள. பக்கத்துலயே கொதிக்கிற டர்போ. விமானத்தோட உடம்போ அலுமினியம் இல்ல, ஃபைபர். சூடு ஏறினா அதோட பிசின் இளகும். எரிபொருள் குழாய் சூடானா உள்ளே ஆவி அடைச்சு, இன்ஜின் தடுமாறும். டேக்-ஆஃப்ல அது நடந்தா, பயிற்சி மாணவனுக்கு யோசிக்கக்கூட நேரமில்ல.

அதனாலதான் ரோட்டாக்ஸ் ரப்பர் ஹோஸ்களை, பார்க்க நல்லா இருந்தாலும், 5 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்லுது.

அப்பா விமானத்துல கை வெச்சதே இல்ல. ஆனா சரியாத்தான் சொன்னார்.