வன்னீரும் வீட்டுச் செலவும்: பிளம்ஸ்ரெட் புறநகரின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரிலே முழுகிப் பழகியோர் மலைநாட்டுக்கு வந்ததும் முதலில் வியப்பது சவர்க்காரம் பொங்கித் தரும் நுரையைக் கண்டேயாகும். எத்தனை வாளி வார்த்தாலும் உடம்பின் வழுவழுப்புப் போகவில்லை என்று முறையிடுவோரும் உளர். சுண்ணக்கற் பாறையூடாக ஊறிவரும் நீருக்கும் கருங்கல் மலைகளில் வழிந்துவரும் நீருக்குமுள்ள இவ்வேறுபாடு நமக்கு வெறும் வியப்பு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரிலே இது பாராளுமன்றம் வரை சென்ற வழக்காக இருந்தது. அவ்வழக்கிலே சிறியதொரு புறநகர் வகித்த பங்கினைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் குழாய்களிலே வந்த நீரின் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆகிய நதிகளிலிருந்தும் வெண்சுண்ணப் பாறையிற் தோண்டிய கிணறுகளிலிருந்தும் பெறப்பட்டது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுப் பாறையின் சுண்ணத்தைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக எடுத்துவருகிறது. அந்நீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணம் மீண்டும் பிரிந்து கேத்திலின் உட்புறத்தே கல்லாகப் படியும். துணி துவைத்தாலோ, கரைந்துள்ள சுண்ணம் முழுவதும் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுத்த கழிவாகத் திரண்ட பின்னரே நுரை தோன்றும். அதுவரை இட்ட சவர்க்காரம் அழுக்கைத் தொடுவதேயில்லை.

இவ்வீணாதலை அளப்பதற்கு வழிகண்டவர் அபடீன் நகரின் மாரிஷல் கல்லூரி இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கிளார்க். அவர் வகுத்த அளவையில் ஒரு கலன் நீரில் ஒரு கிரெயின் கல்சியம் காபனேற்று இருப்பின் அது ஒரு பாகை வன்மையாகும். சுண்ணம் ஒரு பங்குக்குத் தூய சவர்க்காரம் ஏறத்தாழ ஆறு பங்கு அழிகின்றது. எனவே 16 பாகை வன்மையுள்ள நீரில் 10 கலனைத் துவைக்க எடுத்தால், நுரை எழுமுன்னரே 2 அவுன்சுக்கு மேற்பட்ட சவர்க்காரம் பாழாகிவிடும். அக்காலத்திலே சவர்க்காரத்தின் மீது வரியும் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1712இல் விதிக்கப்பட்ட அவ்வரி 1833இற் குறைக்கப்பட்டபோதும் இறாத்தலுக்கு ஒன்றரைப் பென்ஸ் ஆகவே நின்று, 1853இலேதான் ஒழிந்தது. கூலிக்குத் துணி வெளுத்துப் பிழைத்த பெண்கள் இச்சுமையைத் தாங்க மாட்டாது, மழைநீரைப் பீப்பாய்களிற் சேர்த்தும் சலவைச் சோடாவைக் கலந்தும் சமாளித்தனர். சோடா மலிவு, அது கைத்தோலை அரித்தமை வேறு கதை.

1850ஆம் ஆண்டிலே பொதுச் சுகாதாரச் சபை, எட்வின் சட்விக்கின் முயற்சியால், தலைநகர் நீர்வழங்கல் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. தேம்ஸ் நீரைக் கைவிட்டுச் சறே மாவட்டத்து மணற்பாங்கான நிலங்களிலிருந்து மென்னீரைக் கொணர வேண்டுமென்றும், தனித்தனிக் கம்பனிகளை நீக்கி ஒரே பொது அதிகாரத்தை நிறுவ வேண்டுமென்றும் அது வற்புறுத்தியது. சமையலுக்கும் தேநீருக்கும் மென்னீரே உகந்தது என்று சாட்சியமளித்தோருள் புகழ்பெற்ற சமையற்கலைஞர் அலெக்சிஸ் சோயரும் ஒருவர். கம்பனிகளின் எதிர்ப்பால் திட்டம் நிறைவேறவில்லை. 1852ஆம் ஆண்டுச் சட்டம் நீரை வடிகட்டவும், தேம்ஸ் நீரைத் தெடிங்டனுக்கு மேலிருந்து பெறவும் கம்பனிகளைப் பணித்ததேயன்றி, வன்மையைக் குறைக்கும் கடப்பாடு எதனையும் விதிக்கவில்லை.

வன்மையைக் குறைக்க வழி இல்லாமலில்லை. கிளார்க் 1841இலேயே ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வன்னீரிலே சுண்ணாம்புநீரை அளந்து கலந்தால், அது இருகாபனேற்றினைப் பிணைத்துவைத்த காபனீரொட்சைட்டைக் கவர்ந்துகொள்ளும். முன்பு கரைந்திருந்த சுண்ணமும் பின்பு இட்ட சுண்ணமும் ஒருங்கே வெண்மையாய் அடியிற் படியும். சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பையே இடுதல் என்றதும் நகைத்தோர் இருந்திருப்பின் வியப்பில்லை. கிரகாம், மில்லர், ஹொவ்மன் ஆகிய மூன்று இரசாயன அறிஞர்களும் 1851இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இம்முறையைச் சாதகமாகவே மதிப்பிட்டனர்.

அதனை ஒரு நகரத்து வழங்கலிலே செய்துகாட்டிய முதல் இடம் பிளம்ஸ்ரெட் ஆகும். வூலிச் படைக்கலச் சாலையின் அயலிலே, தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்துகொண்டிருந்த புறநகர் அது. பிளம்ஸ்ரெட், வூலிச், சார்ல்ற்றன் நுகர்வோர் தூயநீர்க் கம்பனி, பொறியியலாளர் ஹோமர்ஷாமின் மேற்பார்வையில், வெண்சுண்ணக் கிணற்று நீரை 1854 முதல் கிளார்க்கின் முறைப்படி மென்மையாக்கி வழங்கிற்று. 1861இல் கென்ற் நீர்வழங்கற் கம்பனி இதனை வாங்கியது; அதன்பின் மென்மையாக்கல் கைவிடப்பட்டது.

இரசாயனம் இங்கே தோற்கவில்லை. கேற்றர்ஹாம், கன்ரபரி முதலிய இடங்களில் ஹோமர்ஷாமே பின்னர் அம்முறையைச் செயற்படுத்தினார். பிளம்ஸ்ரெட்டிலே மாறியது உடைமையே. தொட்டிகளுக்கும் சுண்ணாம்புக்கும் ஆட்களுக்குமான செலவு கம்பனியின் பேரேட்டிலே ஏறுவது. மிச்சமாகும் சவர்க்காரமும் தேயிலையும் விறகும் எந்தக் கம்பனியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அவற்றின் கணக்கு இல்லத்தரசியின் கையிலும் சலவைக்காரியின் கூடையிலும் இருந்தது. கம்பனியின் பெயரிலே ‘நுகர்வோர்’ என்ற சொல் நின்ற ஏழாண்டுகளே பிளம்ஸ்ரெட் மென்னீர் குடித்தது என்பது எமக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

மென்னீர் எல்லா வகையிலும் நன்மையே என்று சட்விக்கின் அணியினர் கொண்டதும் பிழையே. கிளாஸ்கோ மாநகரம் 1859இல் கற்றின் ஏரியின் மிக மென்மையான நீரைப் பெற்றுச் சவர்க்காரச் செலவு குறைந்ததெனப் பெருமை கொண்டது. ஆனால் வன்னீர் குழாயின் உள்ளே பூசும் சுண்ணப் படலம் மென்னீரில் உண்டாவதில்லை. ஆதலால் வீடுகளின் ஈயக் குழாய்கள் அந்நீரிலே கரைந்தன. இவ்வபாயம் திட்டத்தின் தொடக்கத்திலேயே விவாதிக்கப்பட்டபோதும், நீரின் அமிலத்தன்மையைக் குறைப்பதற்காகச் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கியது 1978இலேதான்.

இலண்டனின் குழாய்நீர் இன்றும் வன்னீரே. செயற்கைச் சலவைத்தூள் பரவியபின் துணி துவைப்போரின் நட்டம் பெரிதும் குறைந்தது. எனினும் கேத்திலின் கல்லைக் கரைக்கும் அமிலத்தையும் வீட்டிற் பொருத்தும் மென்மையாக்கும் கருவியையும் அங்குள்ள குடும்பங்கள் இன்றும் தத்தம் பணத்திலேயே வாங்குகின்றன.