எளிய உரையிலிருந்து அழகிய படவில்லைகள்

மார்க்டவுன் என்பது 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை. வரியின் தொடக்கத்தில் # போட்டு இடைவெளி விட்டு எழுதினால் அது தலைப்பு. - போட்டால் பட்டியல். வெற்று வரிகளுக்கு நடுவே --- போட்டால் அடுத்த படவில்லை தொடங்கும். எழுதுவதற்கு நோட்பேடே போதும். பழைய மடிக்கணினியும் தாங்கும்.

இந்த உரையை மார்ப், பாண்டாக் போன்ற இலவச மென்பொருள்கள் படவில்லைகளாக மாற்றித் தரும். மார்ப்பில் மூன்று தோற்றங்கள் உள்ளன. ஒரே வரியை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் மாறிவிடும்.

தமிழில் படைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளியிலோ மண்டபத்திலோ உள்ள கணினியில் நமது எழுத்துரு இல்லையென்றால், பவர்பாயிண்ட் கோப்பில் வேறு எழுத்துரு வந்து வரிகள் இடம் மாறக்கூடும். பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவும் சேர்ந்தே செல்லும். அதிலும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.