மாஸ்கோ அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள்

1988 டிசம்பர் 5. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானம் ஒன்று இரண்டு வாரத்துக்குள் குண்டு வைத்துத் தகர்க்கப்படும் என்றது அந்தக் குரல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமான நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்குத் தகவல் சொன்னது. மாஸ்கோ தூதரகத்தில் அதைத் தாளில் அடித்து, ஊழியர்கள் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் நேரம். அதைப் படித்தவர்களுக்கு, எந்த விமானத்தில் ஏறுவது என்று யோசிக்க ஒரு வாய்ப்பு இருந்தது.

அதே டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் லண்டனிலும் ப்ளாரன்ஸிலும் ஒரு பருவம் படித்து முடித்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு இருபது, இருபத்தொரு வயது. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டிசம்பர் 21 மாலை, அவர்களில் 35 பேர் பான் ஆம் 103-இல் ஏறினார்கள். பிராங்க்பர்ட்டில் தொடங்கி, லண்டன் ஹீத்ரோவில் பெரிய விமானத்துக்கு மாறி, நியூயார்க் போகும் சேவை அது. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே குண்டு வெடித்தது. விமானத்தில் இருந்த 259 பேரும் இறந்தார்கள். எரிந்து விழுந்த பாகங்களால் ஊருக்குள் 11 பேர் இறந்தார்கள்.

வெளிநாடு போகும் மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தரும் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு இந்தச் சாவுகள்தான் ஒரு பெரிய காரணம். இருபத்து நான்கு மணி நேர அவசர எண், பயணப் பதிவு, எச்சரிக்கைக் குறுஞ்செய்தி, ஆபத்தான நாட்டுக்குப் போகத் தனி அனுமதி என்று இப்போது ஒரே பட்டியலாகத் தெரிகிறவை ஒரே நாளில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்து வந்தவை அல்ல.

அன்றிரவு பெற்றோர்கள் பட்ட பாட்டைப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. மகன் அந்த விமானத்தில்தான் ஏறினானா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. விமான நிறுவனம் பயணிகள் பட்டியலை வெளியுறவுத் துறைக்குக் கொடுக்கவே மணிக்கணக்கானது. அதுவரை தொலைபேசியைச் சுழற்றியபடியே இருந்தன குடும்பங்கள். மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகத்துக்கும் அந்த நேரத்தில் யார் எந்த விமானத்தில் என்பது விமான நிறுவனம் சொன்னால்தான் தெரியும். இன்று பயணச்சீட்டு எடுத்ததுமே அதைப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறார்கள். மாணவர்கள் வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்வது இதைத்தான். அந்த இரவை நினைத்தால் எனக்கு இதைவிட அவசியமான காகிதம் வேறு தோன்றவில்லை.

லாக்கர்பி பெண்கள் செய்ததையும் சொல்லியாக வேண்டும். வயல்களில் சிதறிக் கிடந்த உடைகளைக் காவல்துறை சேகரித்து வைத்திருந்தது. சேறும் விமான எரிபொருளும் படிந்த அந்தத் துணிகளை அப்படியே பெற்றோரிடம் கொடுக்க அந்தப் பெண்களுக்கு மனம் வரவில்லை. துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து, குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். எந்தச் சட்டமும் கேட்காத வேலை. பின்னாளில், இறந்தவரின் உடைமைகளைக் குடும்பத்திடம் சேர்ப்பதில் அரசுக்கும் கடமை உண்டு என்று சட்டம் சொன்னபோது, அந்தப் பெண்கள் அதை ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள்.

ஹெல்சிங்கி அழைப்பு வெறும் புரளி, குண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே புலனாய்வில் தெரிந்தது. பெற்றோர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அழைப்பு பொய்யா மெய்யா என்பது வேறு விஷயம். அதைக் கேட்டு முடிவெடுக்கும் உரிமை தூதரக ஊழியருக்கு உண்டு, கல்லூரிப் பிள்ளைக்கு இல்லை என்று தீர்மானித்தது யார் என்று கேட்டார்கள். குடும்பங்கள் சங்கமாகத் திரண்டு வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 1989-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு ஆணையம் அமைத்தார். 1990 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் விமானப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டத்தில் இரண்டு சங்கதிகள் நம் கதைக்கு முக்கியம். விபத்து நடந்தால் விமான நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள், பயணிகள் பட்டியலை வெளியுறவுத் துறையிடம் தர வேண்டும். இன்னொன்று, பொதுவான ஒரு மிரட்டலைச் சிலருக்கு மட்டும் சொல்லிச் சிலருக்கு மறைக்கக் கூடாது. ஊழியருக்கு ஒரு நியாயம், பொதுமக்களுக்கு ஒரு நியாயம் என்பது இனி கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறை இன்றுவரை பின்பற்றும் விதி இது. நாடுகளை ஒன்று முதல் நான்கு வரை படிநிலையாகப் பிரித்து அது வெளியிடும் பயண அறிவுரைகள் 2018-இல்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தன. நான்காம் படி என்றால் ‘போகாதீர்கள்’. பல பல்கலைக்கழகங்களில் மூன்று, நான்காம் படி நாடுகளுக்குப் போக வேண்டுமென்றால் தனிக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அரசு எச்சரித்தால் போதுமா? சாலையில் நடப்பதற்கு எந்தத் தூதரகமும் முன்கூட்டியே தந்தி அடிக்க முடியாது. 1996 மார்ச்சில் ‘செமஸ்டர் அட் சீ’ என்ற கப்பல்வழிக் கல்வித் திட்டத்தில் வந்த அமெரிக்க மாணவர்கள் தாஜ்மகால் பார்க்க ஆக்ரா நோக்கிப் பேருந்தில் போனபோது விபத்து நடந்து அவர்களில் நால்வர் இறந்தார்கள். வண்டி எப்படிப்பட்டது, அதை ஏற்பாடு செய்தது யார், அடிபட்டால் எந்த மருத்துவமனை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது அனுப்பிய நிறுவனம் அல்லவா? வெளிநாட்டுக் கல்வித் துறையினர் கூடிப் பேசி, 1998-இல் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய நெறிமுறைகளை வெளியிட்டார்கள். நிறுவனம் என்ன செய்ய வேண்டும், மாணவர் என்ன செய்ய வேண்டும், பெற்றோர் என்ன கேட்க வேண்டும் என்று அதில் தனித்தனியாக எழுதியிருந்தது.

மாணவர்கள் பர்ஸில் செருகிவைக்கும் அவசர எண் அட்டை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1985-இல் அர்னோ வெசியே, பாஸ்கல் ரே-எர்ம் என்ற இரு பிரெஞ்சு நண்பர்கள் சிங்கப்பூரில் ஒரு மருத்துவ உதவி நிறுவனம் தொடங்கினார்கள். இரண்டாமவர் மருத்துவர். ஆசியாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டினருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் நல்ல மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் வேலை. பிற்பாடு இன்டர்நேஷனல் எஸ்.ஓ.எஸ். என்ற பெயருக்கு மாறியது அதுதான். பல்கலைக்கழகங்கள் இப்போது இத்தகைய நிறுவனங்களில் மொத்தமாக உறுப்பினராகின்றன. காப்பீடு பில்லைக் கட்டும். இவர்கள் ஆளைக் காப்பாற்ற வழி தேடுவார்கள். நள்ளிரவில் அழைத்தால் எந்த மருத்துவமனை என்று சொல்வது, அங்குள்ள மருத்துவரோடு பேசுவது, மருத்துவமனை முன்பணம் கேட்டால் உத்தரவாதம் தருவது, தேவையானால் விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் இதில் அடக்கம்.

இத்தனைக்கும் ஒரு குறை நீடிக்கிறது: இதில் நேரும் சாவுகளுக்கு நாடு முழுவதற்குமான கட்டாயக் கணக்கு இல்லை. வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் எத்தனை மாணவர் இறந்தார்கள், எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் அரசிடம் சொல்லியாக வேண்டும் என மின்னசோட்டா மாநிலம் 2014-இல் சட்டம் போட்டது. நாடு முழுவதற்கும் இப்படியொரு சட்டம் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இவை எல்லாம் தன் பல்கலைக்கழகம் அனுப்பிப் போகிறவர்களுக்கு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கன்சல்டன்சி வழியாகத் தாங்களாகப் போகிறவர்கள். அனுப்பும் பல்கலைக்கழகம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவிலுள்ள இந்தியத் தூதரகம், தங்கியே ஆக வேண்டும் என்றில்லாத மாணவர்கள் தற்காலிகமாக நாட்டைவிட்டுப் புறப்படலாம் என்று அறிவித்தது. எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் வகுப்பு நேரில்தான், வராவிட்டால் வருகைப்பதிவு போகும் என்ற பயத்தில் பலர் தங்கிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் போர் தொடங்கியது, வான்வழி மூடப்பட்டது. பனியில் எல்லைவரை நடந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கட்டணம் கட்டும்முன் கன்சல்டன்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது இது: தூதரகம் கிளம்பச் சொன்னால் கல்லூரி விடுப்பு தருமா, நடுராத்திரியில் அழைத்தால் எடுக்கும் எண் எது, அந்த எண்ணை எடுப்பவர் யார்.